வயரில்லாத கிதார்

டாஃபி ஹாமர் குழுவில் நான்தான் பாஸ் கிதார். அந்தக் காலத்தில் எனக்கு அதில் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

ஆனால் எழுபத்தைந்திலிருந்து எழுபத்தேழு வரை, வியாழக்கிழமைதோறும் மாலை நாலே முக்காலுக்கு, பள்ளி விட்டு வந்து டோஸ்ட்டும் பீன்ஸும் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் நான் வாசிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். காதில் விழுந்தது வேறொருவர் வாசித்தது.

நாங்கள் பர்மிங்காம் பையன்கள் நாலு பேர். ‘பக்கெட்’ என்று ஒரு சிறுவர் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அதை நடத்தியது ஒரு முள்ளம்பன்றிப் பொம்மை. மேசைக்கு அடியில் ஓர் ஆள் முதுகு வலிக்கப் படுத்துக்கொண்டு அதை ஆட்டுவார். அந்த முள்ளம்பன்றிக்கு ஒரு பாட்டுக்குழு வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. மிஸ்டர் க்ளட்டர்பக் என்ற மேனேஜர் விளம்பரம் கொடுத்தார், நாங்கள் முந்நூறு பேர் போய் வரிசையில் நின்றோம். யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. சிரிக்கச் சொன்னார், குதிக்கச் சொன்னார். என்னை எடுத்தது என் பல்வரிசைக்காக. அந்தப் பற்களில் இன்று பாதிதான் என்னுடையவை.

லிண்டன் பாடகன். அவனுக்கு நிஜமாகவே நல்ல குரல், அதை மறுக்க மாட்டேன். மால்கம் லீட் கிதார், கார்ல்டன் டிரம்ஸ், நான் பாஸ். டாஃபி ஹாமர் என்றால் மிட்டாய்க் கடையில் டாஃபிப் பாளத்தை உடைக்க வைத்திருப்பார்களே, அந்தக் குட்டிச் சுத்தியல். மஞ்சள் சாட்டின் துணியில் தொளதொளவென்று உடுப்பு, மார்பில் சுத்தியல் படம். ‘வாபிள் வாபிள் ஜெரால்டின்’ என்று ஒரே ஒரு பாட்டு கொஞ்சம் ஓடியது. விற்பனைப் பட்டியலில் முப்பத்தோராம் இடம் வரை ஏறி, மறுவாரம் மரியாதையாக இறங்கிவிட்டது.

டிவியில் எல்லாமே ரெக்கார்டுக்குக் கையசைப்பதுதான். என் கிதாரிலிருந்து எந்த வயரும் எங்கேயும் போகாது. கார்ல்டனின் டிரம்ஸுக்குள் தலையணை. கடைத் திறப்பு விழாவுக்குப் போனாலும் இதே கதைதான். இது ஒன்றும் ரகசியமில்லை, அப்போது டிவியில் வந்த பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ரெக்கார்டில் வாசித்தவர்களும் நாங்கள் இல்லை என்பதுதான் ரகசியம்.

ஒலிப்பதிவுக்கு மிஸ்டர் க்ளட்டர்பக் எங்களை ஒன்றாக அழைக்க மாட்டார். திங்கள் டிரம்ஸ், செவ்வாய் பாஸ், புதன் கிதார், வியாழன் பாடகன். என் செவ்வாய்க்கிழமை நான் போய் நின்றபோது, என் நாற்காலியில் தாடி வைத்த ஒருவர் பைப் புகைத்தபடி என் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தார். மிஸ்டர் க்ளட்டர்பக் என் தோளில் கை போட்டு நடைவழிக்கு அழைத்துப் போனார்.

“இங்க பாரு நெவில். மத்த மூணு பசங்களும் தங்கமா வாசிக்கிறானுங்க. நீ ஒருத்தன்தான் இன்னும் பழகணும். பழகிடுவ. அதுவரைக்கும் அவனுங்ககிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா மனசு விட்டுடுவானுங்க. குழுவே உடைஞ்சிடும். புரியுதா?”

புரிந்தது. பதினைந்து வயது. மற்ற மூவரும் கலைஞர்கள், நடுவில் நான் ஒரு களவாணி என்ற நினைப்போடு இரண்டு வருஷம் குதித்தேன். பழக நேரமும் கொடுக்கவில்லை. ஒருநாள் பக்கெட்டை நிறுத்தினார்கள், முள்ளம்பன்றியை ஏதோ பெட்டிக்குள் போட்டார்கள், எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். நான் கேஸ் அடுப்பும் கொதிகலனும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, நாற்பத்து மூன்று வருஷம் அந்த வேலையைச் செய்தேன். அதில் எனக்குப் பதிலாக வேறு யாரும் வேலை செய்யவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

எண்பத்தொன்றில் நார்த்ஃபீல்டில் ஒரு வீட்டுக்குக் கொதிகலன் பார்க்கப் போனேன். கதவைத் திறந்த பெண் என் கைப்பெட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“நீங்க நெவ் தானே? டாஃபி ஹாமர் நெவ்?”

லொரெய்ன். அலமாரிக் கதவின் உட்புறம் என் படத்தை ஒட்டி வைத்திருந்தவள். அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரு பப்பில் உட்கார்ந்து, “இப்பவும் பாஸ் வாசிக்கிறீங்களா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த அழகுக்கு முன்னால் வாய் வரவில்லை. கண்ணாடி டம்ளரைப் பார்த்தபடி, “அதைப் பத்திப் பேச வேணாமே” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிந்துபோன குழுவை நினைத்து இவன் உள்ளுக்குள் நொறுங்கிக் கிடக்கிறான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். நான் திருத்தவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம்.

எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கிடையாது. ரேடியோவில் தும் தும்மென்று பாஸ் கிளம்பினால் லொரெய்ன் பூனைபோல நடந்துபோய் அதை அணைப்பாள். விருந்துக்கு வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, “அவர்கிட்ட பாட்டைப் பத்திக் கேட்டுடாதீங்க” என்று குசுகுசுப்பாள். எனக்குக் காதில் விழும். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பாஸ் கிதார் வாங்கிச் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “உனக்கா எப்ப தோணுதோ அப்ப எடு, அவசரமே இல்ல” என்றாள். எனக்குத் தோன்றியதெல்லாம் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்பதுதான்.

போன வருஷம் ஏப்ரலில் ஜானிஸ் ட்ரூமன் என்ற அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. டாஃபி ஹாமர் ரசிகர் சங்கத்துக்குச் செயலாளராம். அப்படி ஒரு சங்கம் உயிரோடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது பெண்கள், ஒரு தபால்காரர். அக்டோபரில் ஸ்டர்ச்லியில் உள்ள தொழிலாளர் கிளப்பில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சேர்ந்து மேடையேற வேண்டும் என்று எழுதியிருந்தாள். மத்தியானம் எதற்கென்றால், சாயங்காலம் அந்த இடத்தில் பிங்கோ, எண் கூப்பிடக் கூப்பிடக் கட்டம் அடிக்கிற பந்தய ஆட்டம்.

நான் கடிதத்தை முடிப்பதற்குள் லொரெய்ன் பதில் போட்டுவிட்டாள்.

“நெவ், இது உனக்கு மருந்து. நாப்பது வருஷமா மனசுல வச்சிப் புழுங்குற. போய் வாசிச்சிடு. எங்கக்கா வர்றா, அவ மருமக வர்றா, நான் முன்வரிசையில உக்காருவேன்.”

அன்று மாலையே லிண்டனின் போன். ரெடிச்சில் கார்பெட் கடை வைத்திருக்கிறான், போனில் பேசினாலும் தள்ளுபடி விற்பனைக்குக் கூவுகிற குரல்.

“நெவ்! இந்தத் தடவை டேப்பு கீப்பு எதுவும் கிடையாது, சொல்லிட்டேன். நேரடியா வாசிக்கிறோம். உலகம் உங்க மூணு பேரையும் பொம்மைன்னு நெனச்சிட்டிருக்கு. நீங்க யாருன்னு காட்டணும்டா. நான் வெறும் வாய், நீங்கதான் கலைஞர்கள்!”

ஆறு மாசம் இருந்தது. ஆறு மாசத்தில் பாஸ் கிதார் கற்றுக்கொண்டுவிட்டால் லொரெய்னுக்கு எதுவும் தெரியவே வேண்டாம். இதுதான் என் திட்டம். இதைவிடப் பெரிய திட்டமெல்லாம் கேஸ்காரன் மூளைக்கு வராது.

எங்கள் பக்கம் கிங்ஸ் ஹீத்தில் எந்தப் பாட்டு வகுப்புக்குப் போனாலும் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் வால்சாலுக்குப் போனேன். வால்சாலில் எனக்கு ஒரு மனிதரைத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குப் பிசியோதெரபி என்று வீட்டில் சொன்னேன். இசைக்கருவிக் கடையின் மாடியில் ஜஸ்லீன் என்ற பஞ்சாபிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். இருபத்து மூன்று வயது, தயவு தாட்சண்யம் கிடையாது.

“கிதாரைக் கழுத்தைப் பிடிச்சிக் கொல்றீங்களே அங்கிள். அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?”

“ஐம்பது வருஷமா மானத்தை வாங்குதும்மா.”

அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் நான் முயலவில்லை. ‘ஜெரால்டின்’ பாட்டுக்கு நாலே நாலு சுரம்தான், ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாடிக்காரர் நாற்பது நிமிஷத்தில் முடித்ததை நான் நாலு மாசமாக முடித்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். “முட்டிக்கு எக்சர்சைஸ் பண்ணா விரல் ஏன் வீங்குது?” என்று லொரெய்ன் கேட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்கிறேன் என்றேன். முழுக்கப் பொய்யில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஜஸ்லீன் சொன்னாள்: “தனியா வாசிச்சா இதுக்கு மேல வராது அங்கிள். சனிக்கிழமை காலைல அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஒரு வகுப்பு இருக்கு. எல்லாரும் புதுசுதான். சேந்து வாசிக்கணும். வாங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க.”

போனேன். கதவைத் திறந்தேன். டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய உருவம், அதற்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஒல்லியாக ஒருவர், மடியில் கிதார். ஒல்லி நிமிர்ந்து பார்த்தார்.

மால்கம். டிரம்ஸுக்குப் பின்னால் கார்ல்டன்.

மூன்று பேரும் பேந்தப் பேந்த முழித்தோம். அவர்கள் இரண்டு பேரும்கூட அப்போதுதான் வந்து ஒருவரையொருவர் பார்த்திருந்தார்கள். வேறொரு சமயமாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்போம், பல வருஷமாக கிறிஸ்துமஸ் கார்டு தவிர வேறு தொடர்பில்லை. இப்போதோ ஒரே திருட்டில் மாட்டிக்கொண்ட மூன்று பேர் மாதிரி நின்றோம். ஜஸ்லீன் என்னைப் பெருமையாக முன்னால் தள்ளினாள்.

“இவர் நெவில் அங்கிள். ஏப்ரல்லதான் ஆரம்பிச்சாரு. மால்கம் அங்கிள் மே மாசம். கார்ல்டன் அங்கிள்…”

“ஏப்ரல்,” என்று கார்ல்டன் தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் முப்பது வருஷம் பதினொன்றாம் நம்பர் பஸ் ஓட்டியவன். அந்தக் குரலுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குள் நடுங்குவார்கள். அன்று அது குசுகுசுவென்றுதான் வந்தது.

“ஏப்ரல்னா… இந்த ஏப்ரலா?” என்று மால்கம் கேட்டான். “டேய் கார்ல்டன், நீதான் வாசிப்பியே? நீ வாசிக்கிற அந்த ரெக்கார்டு எங்கிட்ட இருக்கேடா!”

“அது நான் இல்ல. நரைமுடி வச்ச ஒருத்தர். திங்கக்கிழமை. மிஸ்டர் க்ளட்டர்பக் என் தோள்ல கை போட்டு…”

“…நடைவழிக்குக் கூட்டிட்டுப் போனாரா?” என்றேன் நான்.

“…மத்த பசங்க தங்கமா வாசிக்கிறானுங்கன்னாரா?” என்றான் மால்கம்.

பிறகு கார்ல்டனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்தேன். இல்லை. அவன் சிரித்த சிரிப்பில் சிம்பல் தட்டு தானாக அதிர்ந்தது. மால்கம் கிதாரோடு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மூச்சு வாங்கியது. யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து ஜஸ்லீன் தண்ணீர் கொண்டு வந்தாள்.

“என்னைப் பாத்ததுமே ‘இவன் டிரம்ஸ்’னு சொல்லிட்டார்டா அந்த ஆளு,” கார்ல்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அப்பா அம்மா ஜமைக்கா, ஹேண்ட்ஸ்வொர்த் பையன், தாளம் தானா வரும்னு நெனப்பு. எங்க வீட்ல தாளம்னா அது எங்கம்மா பாத்ரூம் கதவைத் தட்டுறது மட்டும்தான்!”

“நான் உன்னைப் பாத்து ஏங்கியிருக்கேன்டா,” என்றான் மால்கம். “நெவ், உன்னையும்தான். நிமிந்து நின்னுட்டு, கையைக்கூடப் பாக்காம வாசிப்பியே. கடவுளே, இவனுக்கு எவ்ளோ தெரிஞ்சிருக்கும்னு நெனப்பேன்.”

“எனக்குக் கையைப் பாத்து என்னடா ஆகப்போவுது?”

நாற்பத்தெட்டு வருஷம். மூன்று பேரும் ஒரே மூட்டையைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம், தெரிந்தவர் கண்ணில் படாமல் பழக ஒரே வால்சாலுக்கு வந்திருக்கிறோம். மிஸ்டர் க்ளட்டர்பக் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் அன்றே கிளம்பிப்போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கூடவே ஒரு பைன்ட் பியரும் வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தச் சனிக்கிழமை சிரித்த மாதிரி நான் அதற்கு முன் சிரித்ததில்லை.

“லிண்டனுக்குச் சொல்லணுமா?” என்று மால்கம் கேட்டான்.

“வேணாம்,” என்றான் கார்ல்டன். “அவன் வாழ்நாள் பூரா கலைஞர்கள் நடுவுல நின்னு பாடுனதா நெனச்சிட்டிருக்கான். பாவம், இருந்துட்டுப் போகட்டும்.”

அதன் பிறகு வாரம் இரண்டு தடவை வால்சால். எங்கள் வாசிப்பு நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கார்ல்டன் பஸ் ஓட்டியவன் ஆயிற்றே, ஆரம்பத்தில் நிதானமாகக் கிளம்பி, காலியான சாலையைக் கண்டதும் வேகமெடுத்துவிடுவான். மால்கம் ஒவ்வொரு தப்புக்கும் “சாரி” சொல்லுவான், பாட்டைவிட சாரிதான் அதிகம் கேட்டது. ஆனால் அக்டோபர் முதல் வாரம் ஒருநாள், தொடங்கிய இடத்தில் தொடங்கி முடிய வேண்டிய இடத்தில் மூன்று பேரும் சேர்ந்து முடித்தோம். ஜஸ்லீன் கை தட்டினாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அறுபத்து மூன்று வயதில் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன், அதற்காக மறுநாள் நிஜமாகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. லொரெய்ன் புது உடை எடுத்திருந்தாள், பச்சை, கையில் சின்னச் சின்ன மணிகள். நான்தான் கார் ஓட்டினேன். ஸ்டர்ச்லி கிளப்புக்குப் பின்னால் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினேன். இந்த ஊரில் வண்டி நிறுத்தக் கோடு போடுகிறவர்களுக்கு வண்டியே கிடையாது போலிருக்கிறது. ஒருவழியாக நிறுத்திச் சாவியைத் திருப்பியபோது அவள் என் கை மேல் கை வைத்தாள்.

“நெவ். முடியலன்னா சொல்லிடு, இப்படியே திரும்பிடலாம். யார் என்ன நெனச்சா என்ன? உன் மனசு நோகுதுன்னா எனக்கு எதுவும் வேணாம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் இவ்வளவு அன்பாகச் சொன்னதும் என் திட்டமெல்லாம் பொத்தலாகிவிட்டது. வாயைத் திறந்தேன், எல்லாம் கொட்டியது. தாடிக்காரர், செவ்வாய்க்கிழமை, வால்சால், பிசியோதெரபி. என் மனசு ஒருநாளும் உடைந்ததில்லை, பொய் சொல்லிப் பழகி அப்படியே இருந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை என்றேன்.

“அப்ப உனக்குப் பாட்டு கேட்டா வலிக்காதா?”

“வலிக்காது.”

“ஒருநாள்கூட வலிச்சதில்லையா?”

“இல்ல லொரெய்ன்.”

“எட்ஜ்பாஸ்டன் ஏரிக்கரை டான்ஸ் ஹால் ஞாபகம் இருக்கா? நான் வாரா வாரம் வெள்ளிக்கிழமை போவேன். எங்க தெருவுல என்னை மாதிரி ஆட ஆள் கிடையாது. உன்னைக் கட்டுனதும் விட்டுட்டேன். பேண்டு சத்தம் கேட்டா நீ துடிச்சிப் போயிடுவன்னு விட்டுட்டேன். எங்கக்கா கல்யாணத்துல ஆடல. நம்ம பொண்ணு கல்யாணத்துல ஆடல, கால் சுளுக்குன்னு சொல்லி உன் பக்கத்துல உக்காந்துட்டேன். நாப்பத்தொரு வருஷம், நெவில்!”

நெவில் என்று முழுப்பெயர் வந்தால் விஷயம் பெரிசு. அவள் டான்ஸ் ஆடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. மனைவியைப் பற்றி ஒருவனுக்கு இது தெரியாமல் போனால் அவன் என்ன மனிதன்? வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்ல வந்தேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, அறைந்து சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிளப்புக்குள் போய்விட்டாள்.

நான் கிதாரைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனேன். உள்ளே எண்பது தொண்ணூறு பேர். பத்தொன்பது பெண்களும் மஞ்சள் சாட்டின் போட்டிருந்தார்கள், தபால்காரரும்தான். மேசைகளில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட போர்க் பை, சீஸும் அன்னாசியும் குத்திய குச்சிகள், கிண்ணம் கிண்ணமாகச் சிப்ஸ். லொரெய்ன் முன்வரிசையில் இல்லை. பார் பக்கம் மேடைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள், கையில் ஜின். அவள் அக்கா ஏதோ கேட்க, வேண்டாம் என்று கையை வீசினாள்.

மேடைக்கு ஓரத்தில் ஜானிஸ் ட்ரூமன், மார்பு நிறைய பேட்ஜ், கண்களில் நீர். அவள் பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரர்.

“ரெக்கார்டு ரெடியா இருக்கு,” என்றார் அவர். “அந்தக் காலத்து மாதிரி நீங்க கைய மட்டும் ஆட்டுனா போதும். இவங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.”

“எங்களுக்கு அதுவே சந்தோஷம் கண்ணுங்களா,” என்றாள் ஜானிஸ்.

நானும் மால்கமும் கார்ல்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரெக்கார்டைப் போட்டால் தப்பித்தோம். தாடிக்காரர் பிசகாமல் வாசிப்பார், நாங்கள் பல்லைக் காட்டினால் போதும். மால்கமின் முகத்தில் அந்த ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கும் இருந்தது, பொய் சொல்லவில்லை. பார் பக்கம் பார்த்தேன். பச்சை உடை அசையாமல் நின்றது.

“வயர் எங்க?” என்றேன்.

“என்ன?”

“கிதாருக்கு வயர் வேணும். குடுங்க.”

அவர் கொடுத்தார். ஒரு முனையைக் கிதாரில் செருகினேன், மறுமுனையை எனக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகினேன். டொம்மென்று ஒரு சத்தம். ஒரு மேடையில் நான் எழுப்பிய முதல் ஒலி அதுதான். பின்வரிசையில் யாரோ திடுக்கிட்டுச் சிப்ஸைக் கொட்டினார்கள்.

லிண்டன் கையை விரித்துக்கொண்டு நடுவே வந்து நின்றான். “என் கலைஞர்கள்!” என்று கத்தினான். கார்ல்டன் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான், ஆரம்பித்தோம்.

மோசம்தான். கார்ல்டன் இரண்டாம் வரியிலேயே வேகமெடுத்தான். மால்கம் மைக்குக்கு நேராகச் சாரி சொன்னான். பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்த லிண்டனின் கண் பிதுங்கியது. ஆனால் அந்தப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அறுபது வயதில், இடுப்பில் கை வைத்து, ‘வாபிள் வாபிள்’ வருகிற இடத்தில் அன்று முள்ளம்பன்றி ஆடிய அதே ஆட்டம். நான் தலை நிமிரவே இல்லை. நாலு சுரம், விரலைப் பார், நாலு சுரம், விரலைப் பார்.

என் கிதாருக்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது. பச்சை உடை. லொரெய்ன் மேடை விளிம்பில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொதிகலன் பழுது பார்க்க வந்தவன் ஒழுங்காகத்தான் செய்கிறானா என்று நின்று கவனிக்கிற வீட்டுக்காரம்மாக்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு பார்வை. பதறிப்போய் மூன்றாம் சுரத்துக்குப் பதிலாக வேறெதையோ அழுத்தினேன். அந்தத் தப்பு என் பின்னாலிருந்த பெட்டியிலிருந்து, கிளப் முழுக்கக் கேட்க, முழங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அந்த ரெக்கார்டை அவள் பன்னிரண்டு வயதில் ஆயிரம் தடவை போட்டுக் கேட்டவள். அதில் அந்தத் தப்பு கிடையாது என்று அவளுக்குத் தெரியும். லொரெய்ன் வாய்விட்டுச் சிரித்தாள்.

“நீதான்!” என்று கத்தினாள். “நெவ், நெஜமா நீயேதான்!”

நான் நிமிர்ந்தேன், அடுத்த சுரமும் போயிற்று.

“என்னைப் பாக்காதடா! அப்புறம் பாத்துக்கலாம். கையைப் பாரு, கையை!”

சொல்லிவிட்டு ஜின்னை மேடை மேல், என் காலடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் கையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், ஆனால் கிளப்பே ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டது. கார்ல்டன் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அவள் கால் பின்தங்கவில்லை. கையிலிருந்த மணிகள் குலுங்கின. அவள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் மறைத்தது. நாலு சுரத்துக்குமேல் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

முடித்ததும் லிண்டன் மைக்கை மூடிக்கொண்டு என் காதருகே வந்தான்.

“டேய், ரொம்ப வருஷம் ஆச்சுல்ல, உங்களுக்குக் கொஞ்சம் டச் விட்டுப் போச்சு. பரவாயில்ல, பழைய கை எங்கேயும் போகாது.”

“ஆமா லிண்டன்,” என்றான் கார்ல்டன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மறுபடி மறுபடி என்று கூட்டம் மேசையைத் தட்டியது. எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டுதான், அதையே திரும்ப வாசித்தோம். பிங்கோக்காரர்கள் வந்து கதவருகே கைக்கடிகாரத்தைக் காட்டும்வரை நாலு தடவை வாசித்தோம். நாலு தடவையும் லொரெய்ன் உட்காரவில்லை.